சரிகையில் சுற்றிய ரெசிஸ்டர்

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் லேசர் லைட் வைத்திருந்தார்கள். பச்சைக் கோடுகள் கூரையில் வலை பின்னிக்கொண்டிருந்தன. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. “அண்ணே, கைய எடுண்ணே!” என்று ஆபரேட்டர் கத்தினான். “சூடே இல்லியேப்பா, உள்ள இருக்கிறவன் உயிரோடதான் இருக்கானா?” என்று கேட்டேன். என் மனைவி என்னைத் தெரியாதவள் போலப் பந்திக்கு நடந்துவிட்டாள்.

சூடில்லாத லேசர் எனக்குப் புதுசு. நாங்கள் செய்ததில் சூடுதான் அதிகம், நடுவில் கொஞ்சம் வெளிச்சமும் வரும்.

பத்தாவது கணக்கை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அதனிடம் தோற்றபின், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பேச்சுக்கு. திருப்பதி பஸ், சித்தூர் பஸ், பெங்களூர் பஸ் என்று எது உறுமினாலும் எழுந்து வாசலுக்குப் போவேன். போய்? போர்டைப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன். அந்தக் கடை மூலையில் செத்துப்போன டிவிடி ரைட்டர்கள் குவிந்து கிடக்கும். உரித்தால் உள்ளே மிளகு அளவில் ஒரு சிவப்பு லேசர் டயோடு. சிடி எரிக்கிற சாமான், சுவரில் அடித்தால் சும்மா இருக்குமா?

வாலாஜாபாத்தில் ஒருவர் லைட் செட் வைத்திருந்தார். திருவிழா, பாட்டுக் கச்சேரி என்று வேனில் ஊர் ஊராகப் போவார். கடைக்கு வந்தவரிடம் லேசரைப் பற்றி அளந்துவிட்டேன். அவர் நம்பவில்லை. “ஒரு பாட்டு முடியற வரைக்கும் அணையாம எரியவுட்டுக் காட்டு. வேன்ல உனக்கு ஒரு சீட்டு” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இந்த டயோடு ஒரு முன்கோபி. பல்பு மாதிரி பேட்டரியில் நேராக மாட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் செத்துவிடும். வேண்டிய கரண்டை மட்டும் அளந்து விட ஒரு டிரைவர் வேண்டும். நான் போட்டது மூன்று கால் ஐசி ஒன்று. அதன் இரண்டு காலுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர். ரெசிஸ்டர் சரியாக இருந்தால் கரண்டும் சரியாக இருக்கும். ரெசிஸ்டர் குறைந்தால் கரண்ட் ஏறி டயோடு காலி. பைக் பேட்டரி கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூடச் சுவருக்குப் போகாது. மீதியெல்லாம் ஐசியின் முதுகில் சூடாக ஏறும். ஆம்லெட் போடலாம்.

சோதனைக்கு நாங்கள் பிடித்த இடம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற என் கூட்டாளி தனசேகர் வீடு. அன்று அமாவாசை, தறிக்கு லீவு. ஜன்னலைச் சாத்தினால் தறி ரூம் இருட்டாகிவிடும். கோடு கண்ணுக்குத் தெரிய சாம்பிராணிப் புகை போட்டோம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆன் செய்தபோது ரெசிஸ்டர் கருகியது. வாசலில் வேன் சத்தம். சொன்னதைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார் மனிதர்.

“இன்னாடா பண்ணப் போற?” என்றான் தனசேகர்.

தறிமேல், நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சியில் கொஞ்சம் சரிகை மிச்சம் இருந்தது. அசல் சரிகை பட்டு நூல்மேல் சுற்றிய வெள்ளிதானே, கரண்ட் போகாதா? மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை முழத்துக்குச் சரியாக நான் கேட்ட ரெசிஸ்டர். வெறும் தார்க்குச்சி ஒன்றில், சுற்றும் சுற்றும் தொடாதபடி இடைவெளி விட்டுச் சுற்றி மாட்டினேன். எரிந்தது! அப்போது என் திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏன் இடைவெளி என்று தனசேகரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் வித்தை போய்விடாதா?

லைட் செட் முதலாளி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். “பாட்டு எங்க?” டேப் எடுக்க மறந்திருந்தோம். “சரி, நானே பாடறேன். எரியவுடு” என்று சொல்லிக் கட்டைக் குரலில் ஆரம்பித்தார். புகைக்குள் சிவப்புக் கம்பி ஒன்று சுவர் வரை நின்றது. பல்லவி தாண்டியது. முதல் சரணம் தாண்டியது. மனசுக்குள் நான் வேனில் சித்தூரைக் கடந்துவிட்டேன்.

அமாவாசையானால் தனசேகருக்குக் கை அரிக்கும். ஒரு நாள் முழுக்க நூலைத் தொடாமல் இருக்க அவனால் முடியாது. தார்க்குச்சியில் சரிகை இடைவெளி விட்டுச் சுற்றியிருந்தது அவன் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் சுற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கிவிட்டான்.

சுற்றுகள் தொட்ட இடத்தில் கரண்ட் குறுக்குவழி பிடித்தது, ரெசிஸ்டர் குறைந்தது. சுவர் ஒரு கணம் பற்றிக்கொண்டது போல மின்னியது. அப்புறம் ஊதுபத்தி நுனி அளவுக்கு ஒரு மங்கல் சிவப்பு. பட்டு கருகும் நாற்றம். இரண்டாம் சரணம் நடுவில் நின்றது.

“ஏண்டா தொட்ட?”

“கோணலா இருந்துச்சுடா. அழகாத்தானே பண்ணேன்!”

“அழகா? என் சீட்டையே எரிச்சிட்டியேடா பாவி!”

முதலாளி தார்க்குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு தம்பி இத இவ்ளோ நெருக்கமா தள்ளினது?” தனசேகர் பயந்துகொண்டே கையைத் தூக்கினான். “எங்கிட்ட நானூறு அடி ஒயரு சிக்கலா கெடக்குது. சுத்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் இல்ல. வரியா?”

“அவனையும் கூட்டுக்கினு போண்ணா” என்றான் தனசேகர், என்னைக் காட்டி.

“வேன்ல ஒரு சீட்டுதாம்பா.”

“போடா, போய்த் தொலை” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் வேனில் ஏறி உட்கார்ந்து, தெரு முனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விரட்டினேன். வேறு வேலை என்ன இருந்தது?

இப்போது டிவிடி ரைட்டரும் இல்லை, அதை உரிக்கிற கடையும் இல்லை. முதலாளி காலமானபின் லைட் செட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, வாலாஜாபாத் பஸ் ஏறினேன். தனசேகர் அதற்குள் குடும்பத்தோடு சூரத்துக்குப் போய்விட்டிருந்தான். கடை வாசலில் ஒயர்ச் சுருள்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு சுற்றுகூடப் பிசகாமல். ஒவ்வொன்றின் வாயிலும் தறிக்காரன் போடுகிற நூல் முடிச்சு. கடைக்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கத்தியை எடுத்து அறுத்தார். சுருள் பிரிந்து என் கால்வரை ஓடி வந்தது. உள்ளே இருந்த செம்புக்காக அதை அவர் கொளுத்தும்வரை நின்று பார்த்துவிட்டு, எந்த பஸ் முதலில் வந்ததோ அதில் ஏறிவிட்டேன்.