கடன் என்று நினைத்த கிரெடிட்

முடிதிருத்தும் கடை வைத்திருந்த அந்த அம்மாளைத் தெருவே கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடும். கை மட்டுமல்ல, வாயும் கத்திரி. ஆனால் 'கிரெடிட்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஆள் வெலவெலத்துப் போவாள். காரணம், புருஷன். கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தேய்த்தே குடும்பத்தையும் தேய்த்துவிட்டு ஒருநாள் கம்பி நீட்டிவிட்டான். அந்தக் கடனை அடைத்து நிமிர்வதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

நிமிர்ந்த கையோடு தங்கை தவறிப்போனாள். தங்கையின் பெண்கள் இரண்டு பேரும் பெரியம்மாவிடமே வந்து ஒட்டிக்கொண்டார்கள். செலவு கூடியது, வரி குறையவில்லை. வரிக்கென்றே ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்தாள்.

ஒருநாள் முடிவெட்ட வந்த ஆடிட்டர் பெண் கேட்டாள்: "அக்கா, வரிக் கணக்குல பிள்ளைங்களுக்கான டாக்ஸ் கிரெடிட் கேட்டு எழுதுறீங்கல்ல?"

கத்திரி நின்றது. "ஐயோ தாயே, இன்னொரு கடனா? ஏற்கெனவே சூடு பட்ட பூனைம்மா நான்!"

ஆடிட்டர் பெண் கண்ணாடியைப் பார்த்தபடியே சிரித்தாள். "கடன் இல்லக்கா, சலுகை. திருப்பித் தரவே வேணாம். கடைச் செலவைக் கழிச்சுக் காட்டுறீங்களே, அதுல வரி போடுற வருமானம்தான் குறையும். ஆயிரம் கழிச்சா வரியில நூறோ இருநூறோ மிச்சம். இது அப்படி இல்ல. ஆயிரம்னா, கட்ட வேண்டிய வரியிலயே முழுசா ஆயிரம் குறையும்."

"வரியைவிட அது அதிகமா இருந்தா? மீதி கைக்கு வருமா?"

"சிலதுல வரும். இதுல வராது. வரி பூஜ்யமாகும், அவ்வளவுதான்."

அக்காவின் முகம் மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "நான் பெக்கலையேம்மா. பொய் சொல்லி வாங்கினா என் தங்கச்சி மன்னிப்பாளா?"

"பெத்தவங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? கூட வச்சு வளர்க்கிறவங்களும் கேக்கலாம். போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல்னு கடையை மூடினது யாருக்கா?"

அக்கா, "கண்ணுல முடி விழுந்துடுச்சு" என்று துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

அந்த வருஷம் வரி முழுவதும் அடிபட்டுப் போனது. அடுத்த ஞாயிறு கடை திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் வந்த வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு மேலே இருந்த அக்காவின் வீட்டுக்கு மாடியேறிக் கதவைத் தட்டினார். சின்னவள்தான் எட்டிப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, "மெதுவா பேசுங்க. எங்க பெரியம்மா தூங்குறாங்க" என்றாள்.