ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர் என் இலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“மேடம்... நல்லா கீறீங்களா? என்னைத் தெரியுதா? முனிராஜ். டெஸ்ட் பெஞ்ச் முனிராஜ்.”

தெரியுதாவாம். ஏழு வருடமாக நான் மறக்கப் பார்க்கும் பெயர் அது. சிரித்து வைத்தேன். “பொண்ணு எங்களுக்குச் சொந்தம் மேடம், நல்லா சாப்பிடுங்க” என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

எழுத வருவதற்கு முன்னால் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தவள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். கேன்டீன் உப்புமாவை எழுதினேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையை எழுதினேன். நீங்களும் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். ஒன்றை மட்டும் எழுதாமல் ஒளித்து வைத்திருந்தேன்.

டூவீலரின் பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் இருக்குமே, பெட்ரோல் டேப், அதைத்தான் நாங்கள் செய்தோம். ஒவ்வொரு பீஸையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டிக் காற்றடைத்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. பச்சை வந்த பீஸில் ஆபரேட்டர் ஒரு பெயின்ட் பொட்டு வைப்பார். ஆளுக்கொரு கலர். முனிராஜுக்கு மஞ்சள்.

அந்தத் திரைக்குப் பின்னால் ஓடிய ப்ரோகிராம் நான் எழுதியது. எவ்வளவு கசிந்தால் சிவப்பு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒவ்வொரு தடவையும் ப்ரோகிராமில் கை வைக்க முடியுமா? அந்த அளவுகளை மட்டும் தனியாக ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் போட்டு வைத்தேன். ப்ரோகிராம் திறந்தவுடன் முதல் வேலையாக அதைப் படித்துக்கொள்ளும். ஃபைலுக்கு வழக்கமான பெயர் வைத்தால் நான் என்ன பெரிய ஆளு? பெயருக்குப் பின்னால் என் இனிஷியலையே வாலாக ஒட்டினேன். விண்டோஸுக்கு அந்த வால் தெரியாது. அதனால் எந்தப் படமும் இல்லாமல் ஒரு வெள்ளைத் தாளாகத்தான் காட்டும்.

சரி, அந்த ஃபைல் கிடைக்காவிட்டால்? அதையும் யோசித்தேன். எரர் என்று கத்தி நின்றால் எனக்குக் கெட்ட பெயர் அல்லவா... அதனால் ஃபைல் இல்லையென்றால் சத்தம் போடாமல், நானே உள்ளே எழுதி வைத்திருந்த ஓர் அளவை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மேனேஜருக்கு டெமோ காட்டும்போது எல்லாம் பச்சையாக வரட்டும் என்று வைத்த தாராளமான அளவு. டெமோ முடிந்தது. அதை மாற்ற மறந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

ஓசூர்க் கம்பெனிகளில் ஆயுத பூஜையைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே உற்பத்தி நின்றுவிடும். லேத், பிரஸ் எல்லாம் குளிக்கும். ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம். எங்கள் சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா சுத்தத்தில் ஒரு படி மேலே போகிறவர். வெளியே துடைத்தால் மட்டும் போதுமா என்று கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் துடைத்திருக்கிறார். பழைய படங்கள், யாரோ சேர்த்த பாட்டுகள், திறக்கவே திறக்காத வெள்ளை ஃபைல் ஒன்று... எல்லாவற்றையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். பக்தியோடு செய்த காரியம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. மதுரை, திருநெல்வேலி என்று ஊருக்குப் போனவர்கள் பஸ் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். நானும் அதில் ஒருத்தி. உள்ளூர்க்காரர் என்பதால் முனிராஜுக்கு இரண்டு ஷிஃப்டும் தலையில் விழுந்தது. அவர் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட முதல் ஆள் அவர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. முடியாது என்று சொல்வாரா?

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் உள்ளே நுழைந்தபோது நஞ்சுண்டப்பா முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“நேத்து ஒரு ரிஜெக்‌ஷன் கூட இல்ல மேடம். ஒள்ளேதாய்த்து, நல்லதாப் போச்சு. பூஜை பலன்.”

ஒன்றுகூட இல்லையா? போய்ப் பார்த்தேன். ஃபைல் இல்லை. என் ஃப்ளாப்பியிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தேன். நேற்றைய சரக்கு எங்கே என்று கேட்டேன்.

“காலையிலயே வண்டி போயிடுச்சே மேடம். ஏன்?”

“ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.”

அந்த ‘ஒண்ணுமில்ல’தான் நான் செய்த குற்றம். ஃபைல் காணாமல் போனது விபத்து. இது விபத்து இல்லை.

மூன்றாவது வாரம் வண்டிக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. பொருத்திய வண்டிகளில் பெட்ரோல் சொட்டுகிறது. வண்டிகள் வெளியே போகுமுன் பிடித்துவிட்டார்கள் என்பது யார் செய்த புண்ணியமோ. திரும்பி வந்த பீஸ்கள் எல்லாவற்றிலும் மஞ்சள் பொட்டு.

விசாரணை டெஸ்ட் பெஞ்ச் முன்னாலேயே நடந்தது. முனிராஜ் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “எல்லாம் பச்சைதான் சார் காட்டுச்சு.” உடனே ஒரு கசியும் பீஸை மாட்டினார்கள். பளிச்சென்று சிவப்பு வந்தது. வராமல் எங்கே போகும்? ஃபைலைத்தான் நான் திரும்ப வைத்துவிட்டேனே.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “சாஃப்ட்வேர்ல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல சார். கரெக்டாதான் இருக்கு.”

அன்றைய தேதிக்கு அது உண்மை. எவ்வளவு சாமர்த்தியமான உண்மை பாருங்கள்.

“ரெண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கே. உக்காந்தபடியே தூங்கிட்டியாப்பா?” என்று மேனேஜர் முனிராஜைக் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. முனிராஜ் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “இருந்தாலும் இருக்கும் சார்” என்றார். கவனக்குறைவு என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதோடு வேலை போயிற்று.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம். என் வேலை போய்விடும் என்ற பயம். இதைவிட அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தெரியாதபோது தெரியாது என்று சொல்லி நிற்க ப்ரோகிராமுக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை என்று பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்ல எனக்கே வராதபோது அதைச் சொல்லி என்ன பயன்?

கல்யாண மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன். வாசலில் முனிராஜ் தன் மகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார். நாலு வயசு இருக்கும். அவருடைய மச்சான் பைக் சாவியை நீட்டினார். “மாமா, வண்டிய எடுத்துக்கினு போங்க. பாப்பா எப்பிடி அவ்ளோ தூரம் நடக்கும்?”

“வேணாம்பா.”

ஏன் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

“வண்டிய தொடறதில்ல மேடம். எனக்குக் கண்ணு தொறந்திருக்கறப்பவே தூக்கம் வருது போல. அன்னிக்குக் கம்பெனியில அப்பிடித்தானே ஆச்சு? எனக்கே தெரியல பாருங்க. பாப்பாவ உக்கார வெச்சு ஓட்றப்ப அப்பிடி ஆச்சுன்னா?” கொஞ்சம் சிரித்தார். “அதுக்கப்புறம் எந்த மெஷின் வேலைக்கும் போகல. மாங்கூழ் கம்பெனியில கூடை தூக்கறேன். தூங்குனா கூடைதானே வுழும்.”

சொன்னேன். அந்த வாசலிலேயே, கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாம்பூலப் பையோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை ஃபைல், பூஜை, ஃப்ளாப்பி, ‘ஒண்ணுமில்ல’. நான் முடித்ததும் அவர் கேட்டார்.

“அப்ப நான் தூங்கலையா மேடம்?”

“இல்ல முனிராஜ். நீங்க முழிச்சிட்டுதான் இருந்தீங்க. பச்சைதான் எரிஞ்சுது.”

“எனக்கும் பச்சைதான் ஞாபகம்” என்றார் மெல்ல. “ஆனா எல்லாரும் சொல்றப்ப... நீங்களும் அங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க.”

கன்னத்தில் அறைந்திருக்கலாம். நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கலாம். எதையும் செய்யவில்லை அந்த மனிதர். மச்சான் கையிலிருந்து பைக் சாவியை வாங்கினார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை மச்சானிடமே கொடுத்துவிட்டு, மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த ஃபைலைத் திரும்ப அதன் இடத்தில் வைக்க எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.