சளி என்றால் குளிர்

எங்கள் பின்னறையில் குடியிருந்த கன்னடக்காரப் பெண், மார்கழி பிறந்ததிலிருந்து "சளி அக்கா, ரொம்ப சளி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி ஆயிற்றே என்று தினமும் துளசிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள்.

இன்று காலை அவள் கணவர் சாவியைக் கொடுக்க வந்தார்.

"ஏங்க, திடீர்னு காலி பண்றீங்க?"

"கொழந்தைக்குக் குளிரு தாங்கலீங்க. ஜன்னல்ல வெறுங் கம்பிதானுங்களே? கதவு போடச் சொல்லி அவளை உங்ககிட்டக் கேக்கச் சொன்னேன். அவளும் நெதமும் குளிருதுன்னு உங்ககிட்டச் சொன்னாளாமுங்க."

"சளின்னுதானே சொன்னா?"

"எங்க பாஷையில குளிருக்கு அதானுங்க பேரு." சிரித்துவிட்டார். "கஷாயம் நல்லாயிருந்துச்சாமுங்க."

மத்தியானமே ஆசாரியை வரவழைத்து ஜன்னலுக்குக் கதவு போட்டுவிட்டேன். அறை இப்போது கதகதப்பாக இருக்கிறது. ஆள்தான் இல்லை.

நீங்களும் யாருக்காவது இப்படிக் கஷாயம் கொடுத்திருக்கிறீர்களா? சொல்லுங்கள், துணைக்கு ஆள் தேவைப்படுகிறது.