இடைவெளியைத் தூர்த்த மேளம்

ராசிங்காபுரத்தில் பிறந்து போடி பஸ் நிலையத்தருகே கேசட் பதிவுக்கடை நடத்திய ராக்கையா, கருவிகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவர். எண்பத்தாறாம் ஆண்டில், பொத்தானை அழுத்தினால் மேளம் கொட்டும் மின்சாரத் தாளப்பெட்டி ஒன்றை மதுரையிலிருந்து வாங்கிவந்து, திருவிழாப் பாடல்களுக்கு அதனைக் கொட்டவைத்தார். தோட்ட வேலையாட்களை மலைக்கு ஏற்றிச்செல்லும் ஜீப்புக்காரர்களோ அந்தக் கேசட்டைக் கேட்டு முகம் சுளித்தனர்.

"அண்ணே, போடிமெட்டு ஏத்தத்துல இன்ஜின் போடுற கூச்சல்ல ஒங்க மேளம் எறும்பு தும்முற மாதிரி இருக்கு" என்றான் ஓட்டுநர் காசிமாயன்.

அச்சொல் தைத்தது. ஓங்கிய அடியை அமுக்கி, தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடும் கம்ப்ரஸர் ஒன்றை ராக்கையா தாமே செய்தார். அடியும் அதன் அதிர்வும் ஒரே மட்டத்தில் நின்றன. இரண்டு அடிகளுக்கு நடுவேயிருந்த மௌனம் நிரம்பிப்போயிற்று. ஒரு மாதத்தில் மலையேறும் ஜீப்புகளிலெல்லாம் அந்தக் கேசட்டே முழங்கியது.

காசிமாயனின் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு அன்றாடம் போய்வருபவள் ராக்கையாவின் மனைவி வேலுத்தாய். ஒருநாள் மாலை வெளிறிய முகத்தோடு கடைவாசலில் வந்து நின்றாள்.

"வளைவுல லாரி மூக்குக்கு நேரா வந்து நின்னுச்சு. அவன் ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்திருக்கான். ஒங்க மேளத்துல எவனுக்குக் கேக்குது?"

 கொண்டை ஊசி வளைவில் கண்ணுக்கு முன் காதல்லவா வழி பார்க்கிறது! ஒலியைப் படைத்த இறைவன் அதனிடையே மௌனத்தையும் வைத்தான். அதைத் தூர்த்தவன் நானே என்று ராக்கையா மருகினார். கம்ப்ரஸரை விலக்கிப் புதிதாகப் பதிந்து காசிமாயனிடம் கொண்டுபோனார்.

அவன் சிறிது கேட்டுவிட்டுச் சிரித்தான். "இதப் போட்டா ஓட்டுற நானே தூங்கிருவேன்ணே. பழசே இருக்கட்டும்."

வீடு திரும்பியவர், "நாளையிலருந்து நீ சோலிக்குப் போகவேணாம்" என்றார்.

"போகாம? ஒலையில ஒங்க கேசட்டையா போட?" என்றாள் வேலுத்தாய்.

மறுநாள் கடை திறக்கவில்லை. வேலுத்தாய் போகும் ஜீப்பிலேயே ராக்கையா காசிமாயனின் பக்கத்தில் ஏறியமர்ந்து, வளைவுதோறும் ஒலியைத் தணித்தார்.

"பொண்டாட்டிக்குக் காவலாண்ணே?" என்று பின்னாலிருந்த பெண்கள் சிரித்தனர்.

ஒரு வளைவில் செவி சாய்த்தார். பாறைக்கு அப்பால் ஹாரன் எழவில்லை. இறங்கிவரும் ஜீப்பொன்றில் அவருடைய மேளமே இடைவிடாது முழங்கி நெருங்கியது.

"காசி, ஓரங்கட்டு! நாம அடிக்கிற ஹாரன் அவனுக்குக் கேக்காது!"

வண்டி ஒதுங்குமுன் குதித்து, துண்டை வீசியபடி வளைவை நோக்கி ஓடினார். எதிரே வந்த ஜீப்பு சக்கரங்கள் கிரீச்சிட, அவருக்கு ஒரு முழம் முன்னே நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி முகம் மலர்ந்தான்.

"அட, நம்ம அண்ணே! ஒங்க கேசட்டுதான் ஓடுது. கேக்குதா?"