ஜெசிந்தனுக்கு எடுத்த வசனம்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு சின்ன மியூசியத்தைப் பதினெட்டு வருடமாகக் கூட்டித் துடைப்பவள் கிருபாமலர். பழைய சாமான்களின் தூசியைத் துடைத்தாளே தவிர, பக்கத்தில் எழுதியிருப்பதை ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. வாசிப்பதற்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அவள் கவலையெல்லாம் தம்பி ஜெசிந்தன். மூன்று வருடமாக அகதி முகாமில் இருந்தான். அகதி அந்தஸ்துக்கான கடைசி மேன்முறையீட்டின் முடிவு மட்டும் மிச்சம். பேசாமல் பிரான்ஸில் இருக்கும் கூட்டாளியிடம் போய்விடலாம் என்று வெளிக்கிட்டவனை மறித்தவள் இவள்தான். புதுவருட ஆராதனையில் அவனை நினைத்துத் தட்டிலிருந்து, அந்த வருடத்துக்கான வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்று எடுத்தாள். கால் வைக்கும் நிலத்தை ஆண்டவர் தந்துவிட்டார் என்று வந்தது. சபையே அல்லேலூயா போட்டது. அவனும் பயணத்தைக் கைவிட்டான்.

மாசியில் மியூசியத்தில் புதுக் கண்காட்சி. முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முந்தி, ரண்டர்ஸ் இருக்கும் யூட்லாந்துப் பகுதிக்குள் சுவீடன் படை புகுந்த காலத்தைப் பற்றியது. கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் துடைக்கும்போது, பழுப்பேறிய அச்சுத்தாளின் கீழே இருந்த டேனிஷ் விளக்கம் கண்ணில் பட்டது. அதே வசனம். இந்த நிலத்தைக் கடவுள் எங்கள் ராசாவுக்குத் தந்துவிட்டார், எதிர்ப்பவன் கடவுளையே எதிர்க்கிறான் என்று அச்சடித்து, படை போன ஊரெல்லாம் ஒட்டினார்களாம். ஒட்டிய ஊர்களில் ஒன்று முழுதாக எரிந்து போனதாம்.

 இலங்கையில் ஆமி ஊருக்குள் வந்தபோது வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவள் கிருபாமலர். அந்த ஆமிக்காரனும் தன் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தானே வந்திருப்பான்? ஒரு அட்டையை நம்பித் தம்பியை மறித்துவிட்டேனே என்று நினைத்தாள். வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

“தம்பி, நீ பிரான்ஸுக்குப் போ. இண்டைக்கே வெளிக்கிடு.”

“என்னக்கா கதைக்கிறியள்? நீங்கள்தானே அட்டை எடுத்தனீங்கள்?”

“அதை நம்பாதை. அந்த வசனத்தை ஆரும் சொல்லலாம். ஊரைக் கொளுத்தினவனும் சொல்லியிருக்கிறான்.”

 அவன் அன்பாகச் சொன்னான்.

“சோர்ந்து போகாதேங்கோ அக்கா. பிசாசு கடைசி நேரத்தில இப்பிடித்தான் குழப்புவான். நான் உங்களுக்காக ஜெபிக்கிறன்.”

போனிலேயே ஜெபித்தான். அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை. அவனுக்கு அந்த விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவளே அவள்தான்.

அடுத்த கிழமை முடிவு வந்தது, நிராகரிப்பு. இரண்டாம் நாள் காலை அவனை நாடுகடத்தப் பொலிஸ் முகாமுக்கு வந்தபோது, அவன் ஒரு பைகூட அடுக்கி வைத்திருக்கவில்லை.