கொட்டில் லைட்டை அணைத்த இரவு

இருட்டுக்குப் பயந்தவன் தொலைநோக்கி வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். நிலவைப் பார்த்துத் திருப்திப்படுகிற சின்னக் குழாயாக இருந்தால்கூட மன்னிக்கலாம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் கிடக்கும் விண்மீன் மண்டலங்களைக் கமராவில் பிடிப்பதற்கென்றே மோட்டார் பூட்டிய ஒன்றை, நாற்பத்தாறு வயதில், இரவில் மலசலகூடம் போவதற்கு வீட்டு லைட் அத்தனையும் போட்டுக்கொண்டு போகிறவனான நான் வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே மனைவி கேட்டாள்:

"இத பகல்ல பாவிக்க முடியாதாங்க?"

அந்த யோசனை எனக்கும் வந்திருந்தது.

கண்டி நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு. பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு வில்லை தேய்த்துக் கொடுப்பவன், இரவில் தன் கண்ணுக்கு ஒரு பெரிய வில்லை வேண்டுமென்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான். வீடு தெல்தோட்டை போகிற வழியில், காடாகிப்போன ஒரு தேயிலை மலைக்குக் கீழே. நகரத்தின் வெளிச்சம் மலைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். பின்வளவில் நின்றால் தலைக்கு மேலே வானம் நல்ல கறுப்பு. வடக்கே மட்டும்தான் குறை. தொலைநோக்கியின் திசையைச் சரிபார்க்க உதவும் துருவ நட்சத்திரம் எங்கள் பக்கத்தில் அடிவானத்தை ஒட்டித்தான் நிற்கும். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலை. அதனால் தொலைநோக்கியை வானத்தோடு சரிபார்க்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் என்றால் எனக்கு ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் மனைவி குசினிக் கதவில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அது எங்களுக்குள் ஒப்பந்தம். அவளுக்குப் பேச விஷயம் தீர்ந்தால் கடைச் சாமான் பட்டியலை வாசிப்பாள்.

வானம் கறுப்பு என்றேன். வளவு அப்படி இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் ஆட்டுக் கொட்டில். அதன் தூணில் ஒரு வெள்ளை பல்ப், விடிய விடிய எரியும். காரணம் இருந்தது. மேலே காடாகிய மலையில் புலி. புத்தகத்தில் சிறுத்தை என்று எழுதுவார்கள்; எங்கள் பக்கத்தில் அதற்குப் புலி என்றுதான் பெயர், பயத்துக்கும் அந்தப் பெயர்தான் பொருத்தம். முந்தின வருடம் அக்காவின் இரண்டு ஆடுகளை அது தூக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த பல்ப். கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, தனியாக இருக்கிறவர் அவர். மிஞ்சியது ஒரே ஒரு ஆடு. அதுவும் சினையாக இருந்தது.

அந்த பல்பை அணைக்கச் சொல்லி நான் கேட்கப் போனேன். ஊரே புலிக்குப் பயந்து லைட் போட்டுப் படுக்கிற இடத்தில், எனக்கு இருட்டு வேண்டும் என்று.

"அக்கா, ஒரு ராத்திரிக்கு மட்டும் கொட்டில் லைட்ட அணைப்பீங்களா?"

"எதுக்கு தம்பி?"

"வானத்தப் படம் எடுக்கணும். லைட் இருந்தா ஒண்ணுமே விழாது."

"வானம் எங்க போகப்போவுது? ஆடு போயிரும்."

"நான்தான் விடிய விடிய முழிச்சிருப்பேனே அக்கா. ஆட்ட நான் பாத்துக்கிறேன்."

அவர் புல் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"நீங்களா? தண்ணி டேங்க மூட வாறதுக்கே பொண்டாட்டிய முன்னுக்கு விட்டுட்டுப் பின்னால வர்ற ஆளு!"

எங்கள் குசினிக்குள் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று நாள் விடாமல் கேட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்த முகத்தாட்சண்யம் எனக்குக் கைகொடுத்தது. அமாவாசையன்று சாயங்காலம் வேலியருகில் வந்து நின்றார்.

"சரி, அணைக்கிறேன். ஆனா ஒங்க கதிரைய கொட்டிலப் பாத்துப் போடுங்க, வானத்தப் பாத்து இல்ல. ஏதாச்சும் சத்தம் கேட்டா ஒடனே போயி லைட்ட போட்றணும். ஸ்விட்ச்சு தூண்லதான் இருக்கு. வேலியில வழி தெறந்து வச்சிருக்கேன். ஒடனே, தம்பி. வெளங்குதா?"

விளங்கியது என்று தலையாட்டினேன்.

நான் குறிவைத்தது தொப்பி மாதிரி இருக்கும் ஒரு மண்டலம். சோம்பிரேரோ என்று பெயர். அகன்ற விளிம்பு, நடுவில் வீங்கிய ஒளி, குறுக்கே கறுப்புப் பட்டி. அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர மூன்று கோடி வருடம் பிடிக்கிறதாம். அத்தனை மங்கலானதை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. மூன்று மூன்று நிமிடமாக அறுபது படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்குள் நடக்கக் கூடாது, தொலைநோக்கி நிற்கிற முக்காலி அதிரும். லைட் போடக் கூடாது, படம் வெளுக்கும். எல்லாம் முடிந்தபின் குழாயை மூடிவிட்டு வெறும் இருட்டையும் இருபது படம் எடுக்க வேண்டும். கமராவின் சொந்தக் கறைகளைக் கழிப்பதற்கு. இருட்டைப் படம் எடுக்கிற வேலை இந்த உலகத்தில் யாருக்கு வந்து வாய்த்தது பாருங்கள்.

பனி வில்லையில் படியாமலிருக்க, என் இடுப்பு வலிக்கு வைக்கிற சுடுதண்ணிப் பையைக் குழாயில் கட்டினேன். கணினியை ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து, திரைக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். கதிரையைக் கொட்டிலைப் பார்த்துப் போட்டேன். பதினொரு மணிக்கு அக்கா பல்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். மனைவியும் கொட்டாவி விட்டாள்.

"சாமான் லிஸ்ட ரெண்டு தடவ வாசிச்சிட்டேன். இனி ஒங்க பாடு, ஆட்டுப் பாடு" என்று கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இருட்டு. அதுவரை நான் இருட்டு என்று நினைத்ததெல்லாம் யாரோ ஒருவருடைய பல்புக்குப் பக்கத்தில் இருந்த நிழல். கொட்டில் பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரத்தில். பகலில் எண்ணி வைத்திருந்தேன். இப்போது அது தெரியவில்லை. என் முழங்காலே தெரியவில்லை. தெரிந்தது பெட்டிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். ஒரு பலா இலை விழுந்தது. எழுந்து நிற்கப் பார்த்து, முக்காலி அதிரும் என்று உட்கார்ந்தேன். தகரத்தின்மேல் எலி ஓடியது. நெஞ்சு அதைவிட வேகமாக ஓடியது. வாய்விட்டுப் பாடலாம் என்று பார்த்தால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியது ஆடு. அது அசை போட்டுக்கொண்டிருந்தது. மொறுக், மொறுக் என்று ஒரே தாளம். அந்தச் சத்தம் வருகிறவரை எல்லாம் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாவது படம், பத்தாவது படம், இருபதாவது படம். ஆட்டுக்கு நான் காவல் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கும் ஆட்டுக்கும் தெரியும்.

முப்பத்தெட்டாவது படத்தின்போது மேலே தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகள் பக்கம் நாய்கள் குரைத்தன. ஒன்று, பிறகு நாலைந்து. பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றன. மலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ ஈரப் பலகையை வாளால் அறுப்பது போல. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் என் முதுகுக்கு அது என்ன என்று தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். அசை போடும் சத்தத்தைக் காணோம்.

காத்திருந்தேன். மறுபடி தொடங்கும் என்று. தொடங்கவில்லை. அதற்குப் பதிலாக ஆடு மூக்கால் ஒரு தும்மல் விட்டது. முன்காலால் பலகையை உதைத்தது. ஒருமுறை. மறுமுறை.

உடனே என்று அக்கா சொல்லியிருந்தார். இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். படம் முடிய நாற்பது விநாடி இருந்தது.

இதை எழுதாமல் விட்டால் எனக்கு நல்லது. ஆனால் நடந்தது இதுதான்: நான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து. முப்பது. பாதி பயத்தில் எழும்ப முடியாமல், மீதிப் பாதி அந்தப் படத்துக்காக. எந்தப் பாதி பெரிது என்று கேட்காதீர்கள். ஆடு மூன்றாவது முறை உதைத்தது. அதன் வயிற்றுக்குள் இருப்பதை நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணினேன். கமரா 'டிக்' என்றது. டோர்ச்சை அடித்தேன்.

ஆடு நின்றுகொண்டிருந்தது. முழுசாக, உயிரோடு. கொட்டிலைச் சுற்றி ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சை விடப்போனேன். அப்போது ஆட்டின் கண்ணைப் பார்த்தேன். அது மலையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டிவரும். ஓடவும் இல்லை, கால் அந்த நிலைமையில் இல்லை. எழுந்தேன். டோர்ச் வெளிச்சத்தைக் கொட்டில் தூணில் பிடித்தபடி அந்தப் பன்னிரண்டு எட்டையும் நடந்தேன். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஒன்பதாவது எட்டில் பின்னால் ஏதோ சருகில் மெல்ல அழுந்தியது. இல்லை, அழுந்தியதாக நினைத்தேன். பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்விட்ச்சைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

லைட் எரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். வெறும் கதிரை. பெட்டி. வானத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த தொலைநோக்கி. வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போக மறுபடி அந்த வழியால்தான் போக வேண்டும். போகவில்லை. கொட்டிலுக்குள் ஏறி, படலை இழுத்துச் சாத்தி, ஆட்டின் பக்கத்தில் புல்லுக்கட்டின்மேல் உட்கார்ந்தேன். என் சேட்டின் கைமடிப்பை அது கடித்துத் தின்றது. தின்னட்டும் என்று விட்டேன்.

விடிந்ததும் அக்காதான் முதலில் வந்தார். ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேலி வழியாக எங்கள் வளவுக்குள் போனவர், கதிரைக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

"தம்பி, இங்க வாங்க."

இரவு நான் மிச்சத் தேநீரைக் கொட்டிய இடத்தில் மண் ஈரமாக இருந்தது. அதில் ஒரு தடம். நாயின் தடமென்றால் நகம் பதிந்திருக்கும்; இது நகம் பதியாத, என் உள்ளங்கை அளவு தடம். கதிரைக் காலிலிருந்து இரண்டு முழம் இருக்கும்.

"இது ஆட்டப் பாக்க வந்த மாதிரி தெரியலயே" என்றார்.

எழும்பி வந்த மனைவியும் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாற்பது விநாடி காத்திருந்து எடுத்த அந்தப் படத்தை முதலில் தேடினேன். பால் ஊற்றியது போல இருந்தது. சுடுதண்ணிப் பை எப்போதோ ஆறிப்போய், வில்லை முழுக்கப் பனி. அதற்கு முந்தின எட்டுப் படங்களும் அப்படித்தான். புலி வரும்போது நான் காவல் காத்தது பனித்துளியை. மிஞ்சிய இருபத்தொன்பதை அடுக்கினால், கறுப்பில் ஒரு மங்கல் தொப்பி வந்தது. பட்டி தெரியவில்லை. இன்னும் முப்பது படம் சேர்ந்தால் தெரியும்.

ஒன்பதாம் நாள் ஆடு இரண்டு குட்டி போட்டது. பார்க்கப் போனேன். குட்டிகள் நடுங்கும் காலில் எழும்பி விழுந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபின் மறைக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு சத்தம் கேட்டதும் நான் ஒடனே எழும்பல. படம் முடியட்டும்னு நாப்பது செகண்ட் இருந்தேன்."

அவர் குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. துடைக்கும் கை மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி துடைத்தது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேசாமல் இருக்க இருக்க, அந்த இரவின் குளிர் என் பிடரியில் திரும்ப வந்து உட்கார்ந்தது. மௌனத்தைத் தாங்கத் தெரியாதவன் நான். அப்படிப்பட்ட நேரத்தில் என் வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை.

"அடுத்த அமாவாசைக்கும் ஒரே ஒருக்கா அந்த லைட்ட அணைச்சீங்கன்னா..."

"ஆட்டையும் குட்டியையும் ஒங்க கட்டில் கால்ல கட்டுங்க, அணைக்கிறேன்."