கனம் பார்த்து வாங்கின வண்டி

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி, ராயபுரத்தில் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கடைக்கு நானும் என் மருமகளும் போனோம். தையல் கம்பெனிக்கு அவள் தினம் போய் வர ஒரு வண்டி வேணும். பாதி பணம் என்னுது. அதனால் பேச்சு முழுக்க என்னுது.

கடைக்காரப் பையன் ரெண்டு வண்டி காட்டினான். ஒண்ணு சின்னது, மெதுவாத்தான் போகும். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ளே எடுத்துப்போய் சார்ஜ் போடலாம். இன்னொண்ணு பெருசு. கையை முறுக்கினால் பாயும், ஆனால் சார்ஜ் போட வண்டியையே வீட்டுக்குள் ஏத்தணும்.

நான் நாப்பது வருஷமா காசிமேட்டில் நண்டு விக்கிறவ. நண்டைக் கையில் தூக்கினால் போதும். கனமா இருந்தால் சதை, லேசா இருந்தால் உள்ளே வெறும் தண்ணி. அந்தக் கையாலேயே சின்ன வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். சுலபமா வந்துடுச்சு.

“இன்னா இது, சதையே இல்லாத நண்டு மாதிரி கீது? எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி போனா அந்தக் காத்துலயே பறந்துடும்” என்றேன். கடையே சிரித்தது.

மருமகள் மட்டும் என் காதோரம், “அத்தே, நம்ம சந்து குறுகல். படி வேற உயரம். இதுன்னா நான் ஒண்டியா சமாளிச்சுப்பேன்” என்றாள்.

“உனுக்கு இன்னா தெரியும், சும்மா இரு” என்றேன். அதையும் எல்லார் எதிரிலேயும் சொன்னேன். அவளும் சிரிச்ச மாதிரி தலையைக் குனிஞ்சுகினாள்.

பெரிய வண்டிதான் காலடிப்பேட்டையில் எங்க வீட்டுக்கு வந்தது. தெருவே பார்த்தது, எனக்குப் பெருமை தாங்கலை. தினம் சாயந்திரம் படியில் பலகை சாய்த்து, லேசா முறுக்கி, தள்ளித்தள்ளி அதை உள்ளே ஏத்துவாள். பார்த்துக்கினேதான் இருந்தேன்.

ஒரு மாசம் ஆகலை. மழை பெய்த சாயந்திரம், பலகை வழுக்கிடுச்சு. வண்டி விழாமல் இருக்க அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அதுவே முறுக்கினதா ஆயிடுச்சு. ஒரே பாய்ச்சல். சுவரில் மோதி, அத்தனை கனமும் அவள் வலது பாதத்தின் மேல் விழுந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்துதான் தூக்க முடிஞ்சது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள், “நான்தான் சார் கவனமில்லாம முறுக்கிட்டேன்” என்றாள். அப்பவாவது நான் பேசி இருக்கலாம். பேசலை.

எலும்பு கூடிடுச்சு. ஆனால் நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிக்க அந்தக் கால் இன்னும் ஒத்துழைக்கலை. வேலை போச்சு. இப்போ வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைக்கிறாள். வண்டி மேல் பழைய புடவையைப் போட்டு மூடி வெச்சிருக்கோம். யாராவது கேட்டால் எல்லாம் தலையெழுத்துன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்.

வாராவாரம் பத்திரிகையில் வாசகர்கள் எழுதுற இந்தப் பக்கத்தை அவள் ஒரு வரி விடாமல் படிப்பாள். அதனால்தான் எழுத்தைக் கூட்டிக்கூட்டி நானே எழுதுறேன். தப்பு உன் கையில் இல்லைம்மா, என் வாயில். ஆயிரம் நண்டைத் தூக்கிப் பார்த்த எனக்கு, காதோரம் நீ மெல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையின் கனம்தான் அன்னிக்குத் தெரியாமல் போச்சு.